ஸ்டைல்ஷீட்டில் குடியிருக்கும் மாமுவுக்கு

மாமு,

ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்வேன் என்று ராயபுரத்துக் காக்கைகள் அத்தனை பேர் மீதும் சத்தியம் செய்து தொடங்குகிறேன். இன்று காலை உன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். நெத்திலிக் கருவாட்டுத் துணுக்கு ஒன்று விழுந்தது. அந்த வாசத்துக்குத் துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. நீ போனதிலிருந்து காலியாகக் கிடக்கும் உன் நாற்காலி, தானாக ஒரு சுற்று சுற்றியது.

நம் ஆபீஸ் மென்பொருளின் அழிச்சாட்டியம் உனக்குத் தெரியாததா? கண்டெய்னர் விவரக் கோப்பில் எடையை முன்னால் கக்கும், கதவுப் பூட்டின் சீல் நம்பரைப் பின்னால் கக்கும். துறைமுகத்துக் கணினிக்கோ சீல்தான் முதலில் வேண்டும். இல்லையென்றால் கோப்பைத் திருப்பி நம் முகத்திலேயே எறியும். அந்த எக்ஸ்எம்எல் கோப்பின் வரிசையை மாற்றத்தான் நீ ஸ்டைல்ஷீட் என்கிற விதிப்பட்டியலை எழுதினாய். எண்ணூர் வரை விரித்துப் போடலாம், அவ்வளவு நீளம். அதே வேலைக்கு நான் எழுதியது ஸ்கிரிப்ட். கையகலம்.

"நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள கப்பலு சிங்கப்பூர்ல நின்னுகினு இருக்கும்" என்றேன்.

"போடா பேமானி! உன் ஸ்கிரிப்டு தனக்கு வேணும்கிறத மட்டும் தூக்கிகினு ஓடும். என்னுது அப்டி இல்ல. இடம் மாத்தச் சொன்னத மாத்தும், மத்ததெல்லாம் இருக்கிறது இருக்கிறபடி கூட்டிகினு வரும்" என்றாய்.

அன்றே நம் மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் வார்க்கிற அச்சின் தலையில் ஒரு குறிப்பு வரியைச் செருகினாய். கணினி அதைக் கண்டுகொள்ளாது, திறந்து பார்க்கிற மனிதன் கண்ணுக்கு மட்டும் தெரியும், சாப்பிட்டாயா என்று கேட்கும்: "இன்னா மாமு, துன்னியா?"

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளும் அது கேட்டது. அதற்குப் பிறகு நான் திறந்த ஒவ்வொரு கோப்பிலும் கேட்டது. பகல் வெளிச்சத்திலேயே முதுகு சில்லிடும். ஆனாலும் திறப்பேன்.

இன்று புது மேனேஜர் என் ஸ்கிரிப்டைப் போடச் சொன்னார். பெருமையாகப் போட்டேன். வரிசை மாறியது, துறைமுகம் வாங்கிக்கொண்டது. கோப்பைத் திறந்தால் அந்த வரி இல்லை, நீ இல்லை.

"சாயங்காலம் அந்தப் பழைய ஸ்டைல்ஷீட்டை அழிச்சிடலாம்" என்றார் மேனேஜர்.

"அது பேய் குடியிருக்கிற ஸ்டைல்ஷீட்டு சார். அதுல கை வெச்சா துறைமுகமே கடலுக்குள்ள போய்டும். அதுவுமில்லாம, கோப்புல கீற எல்லாத்தையும் அது கொண்டாந்து சேக்குது. என்னுது சேக்கல. என்னுதையே தூக்கிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று போய்விட்டார்.

பழையதை மறுபடி ஓட்டினேன். வந்துவிட்டாய்.

கிரேன் கழுத்து, நாற்காலி சுற்றியது, காக்கைச் சத்தியம் எல்லாம் என் கப்ஸா. அந்த ஒரு வரி மட்டும் நிஜம், மாமு. அது கேட்டபோது மணி மூன்று. நான் இன்னும் துன்னவில்லை.