ஜெரார்தோ இருக்கும் படம்

அன்பு மகள் மதலேனாவுக்கு,

அம்மா ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது. மாதா தயவில் முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையில்லை, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் பூசையில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பா நட்ட பாதாம் மரம் அவசரப்பட்டுப் பூத்து, பிந்தி வந்த பனியில் அத்தனையும் கருகிவிட்டது, அவர் இருந்திருந்தால் மரத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார். வெள்ளைக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக நாள் ஓடிவிட்டது. அங்கே நம் ஊர்க்காரர் சங்கத்தில் பழைய படம் போட்டார்கள், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நம் ஊரிலேயே எடுத்தது, உலகமே கொண்டாடுகிற படம், நிலநடுக்கத்தில் விழுந்த நம் கோயில் அதில் முழுசாக நிற்கிறது, நீங்கள் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். நான் அதைப் பார்த்ததில்லை மகளே, இன்றுவரை பார்க்கவில்லை. அதில் ஒரு ஞானஸ்நானம் வருகிறதல்லவா, அந்த நடிகையின் கையில் இருக்கிற குழந்தை உன் அண்ணன் ஜெரார்தோ. நீ சின்ன வயதில் கல்லறையில் பூ வைப்பாயே, அதே ஜெரார்தோ. கைக்குழந்தையிலேயே போய்விட்டான் என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தோம், எப்படிப் போனான் என்று சொல்லவில்லை.

அது பிப்ரவரி மாதம். படக்காரர்கள் ஊரில் உள்ள கைக்குழந்தைகளையெல்லாம் பார்த்துவிட்டு என் பிள்ளையைத்தான் கேட்டார்கள், அவனுக்கு அப்போது ஐந்து மாதம், கண் இரண்டும் ஆலிவ் பழம் மாதிரி இருக்கும். அப்பா ஒரேயடியாக மறுத்தார். "பிள்ளைக்கு ஒரு தடவைதான் ஞானஸ்நானம், விளையாட்டுக்கெல்லாம் தலையில தண்ணி ஊத்தக் கூடாது, விட்டுடு" என்றார். எனக்கு இருபத்தொரு வயது, தலைக்கேறிய பெருமை. "ஊர்ல இத்தனை பிள்ளைங்க இருக்க என் பிள்ளையத்தான் பிடிச்சிருக்கு, உங்களுக்கு அது பொறுக்கலையா" என்று கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். கோயிலுக்குள் கல்லெல்லாம் பனிக்கட்டி மாதிரி இருந்தது. அந்த அம்மாளின் கையில் கொடுத்ததும் அவன் அழுதான், அதனால் என்னைப் படமெடுக்கிற மெஷினை ஒட்டி நிற்கச் சொன்னார்கள், என்னைப் பார்த்தால் அழுகையை நிறுத்துவான் என்று. அப்படியே நிறுத்தினான். படத்தில் அவன் நேராகப் பார்ப்பது என்னைத்தான். தண்ணீரை ஊற்றினார்கள், சரியில்லை என்று திரும்ப ஊற்றினார்கள், பதினொரு தடவை. சட்டைக் கழுத்து ஊறிப்போயிருந்தது, போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்னொரு பிள்ளையைத் தேடிவிடுவார்களோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது, பாதையெல்லாம் பனி மூடிக்கிடந்ததால் டாக்டர் மலைக்குக் கீழிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டியை அப்பாவே ஒரு கையில் இடுக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தார். அவனை ஒரு போட்டோகூட எடுத்து வைத்திருக்கவில்லை. அப்பா என்னை ஒரு சொல் சொல்லவில்லை, அன்றும் இல்லை, பின்னால் குடித்திருந்த நாட்களிலும் இல்லை. திட்டிவிட மாட்டாரா என்று எத்தனையோ வருஷம் காத்திருந்தேன்.

இனி எழுதப்போவது எனக்கே புதிது. அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்குப் பொத்தென்சா டவுனிலிருந்து முன்பின் தெரியாத ஒரு கிழவர் வந்திருந்தார், பெயர் சவேரியோ, அங்கே தியேட்டரில் படம் ஓட்டுகிறவராம். "அந்தப் படம் எப்போ வந்தாலும் உங்க வீட்டுக்காரர் கானியோ வந்துடுவாரும்மா. மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி. ஞானஸ்நானம் முடிஞ்சதும் தொப்பியை எடுத்துக்கிட்டு கிளம்பிடுவார். உங்களையும் கூட்டி வரச் சொன்னேன், 'வேண்டாம், அவ தாங்க மாட்டா'ன்னுட்டார்" என்றார். கத்தரிக்கோல் சாணை பிடிக்கணும், கழுதைக்கு லாடம் வாங்கணும் என்று சொல்லிவிட்டுப் போவாரே, அதெல்லாம் இதற்குத்தான். அங்கே யாரோ ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று நான் சந்தேகப்பட்டு அவர் சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறேன், உனக்கு நினைவிருக்கும். "பொத்தென்சாவுல யாரு இருக்கா" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன், சிரித்துக்கொண்டே "ஒரு ஆளு இருக்கு, இன்னும் பல்லு முளைக்கல" என்றார். கிண்டல் செய்கிறார் என்று தட்டைத் தூக்கி எறிந்தேன். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். பெற்ற பிள்ளையை இத்தனை வருஷம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வருகிறது, யாரிடம் போய்க் காட்டுவது.

போன வியாழக்கிழமை மத்தியானக் காட்சியில் அந்தப் படம் போட்டிருந்தார்கள், சவேரியோ சொல்லி அனுப்பியதால் பஸ் ஏறிப் போனேன். அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். விளக்கை அணைத்தார்கள், முதலில் நம் கோயில் மணிச் சத்தம்தான் கேட்டது, அந்த மணி உடைந்து ஆறு வருஷமாகிறது, கேட்டதும் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். வெளியே படியில் உட்கார்ந்து அழுதேன். வேலையைப் பேரனிடம் கொடுத்துவிட்டு சவேரியோ இறங்கி வந்தார். "அம்மா, கதையில அந்தப் பிள்ளை சாகலம்மா. வளர்ந்து, மீசை வச்சு, கல்யாணம் கட்டி, கடைசியில கப்பலேறிப் போறான். உங்க வீட்டுக்காரர் ஒருநாளும் அதுவரைக்கும் உட்காரல" என்றார்.

நீ முழுப் படமும் பார்த்தவள். அழுகிற கிழவியைத் தேற்ற அவர் சொன்னதா, அல்லது நிஜமா என்று எனக்கு எழுது. நிஜமென்றால் கோடையில் வரும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போ, நான் நடுவில் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வை.

சின்னவளுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே, உடனே டாக்டரிடம் காட்டு, தலையை ஈரமாக விடாதே. ஆண்டவர் உன் வாசலைக் காக்கட்டும், பிள்ளைகளின் நெற்றியில் என் பேரைச் சொல்லிச் சிலுவை போடு.

ஜெரார்தோவுக்கும் உனக்கும் அம்மா,
இன்கொரொனாத்தா