உன் அண்ணைக்கு விட்ட வரி

பெயரை எழுதிக் கொடுத்தால் ஒருவர் செத்துவிடுவாரா? நீ இருந்தபோதே உன்னிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

நேற்று முன்தினம் மோர்னிங்சைட்டிலுள்ள உங்கள் வீட்டில், நவம்பர் பூசையில் வாசிக்கப்படும் இறந்தோர் பெயர்ப் படிவத்தை உன் அம்மா மேசையில் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் நீ நிரப்பிய போன வருடப் படிவத்தின் பிரதி. முதல் வரியில் உன் அப்பா. இரண்டாவது காலி. மூன்றாவதில் மாமா. ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டு, முப்பது வருடமாகத் திரும்பாத உன் அண்ணைக்கு நீ விட்டது அந்தக் காலி வரி.

சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிக் கட்டடத்தில் நாம் ஒரே மாடியில் குடியிருந்தபோது, இடைக்காலத்தின் கடைசிப் பகுதியில் இருந்த ஸ்கொட்லாந்துத் திருச்சபை பற்றி நீ பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதினாய். குருக்களின் ஊழலை எழுது என்றேன். நீ இறந்தவர்களைத்தான் எழுதினாய். ஒருவரின் நினைவுநாளுக்கு முதல் நாள், கைமணி அடித்தபடி ஒரு ஆள் தெருத்தெருவாகப் போய், அவர் பெயரைச் சொல்லிச் செபம் கேட்பானாம். மறுநாள் பூசையில் சவப்பெட்டிக்குப் பதிலாக வெறும் மரச்சட்டத்தைத் துணியால் மூடி, சுற்றிவர மெழுகுதிரி ஏற்றுவார்களாம். துணிக்குள்ளே ஒன்றும் இராது.

"பார்த்தியே, உடம்பு தேவையில்லை. பேர் மட்டும் போதும்," என்றாய்.

"அப்ப உன்ரை அண்ணையின்ரை பேரையும் பூசைக்குக் குடன்டி," என்றேன்.

நீ புத்தகத்தை மூடினாய். "மணி செத்தவைக்குத்தான் அடிக்கிறது. அண்ணை செத்திட்டாரெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

மூன்று கிழமை நீ என்னோடு பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவுமில்லை. இந்தப் பங்குனியில் அதைக் கேட்கவென்றே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ மோர்பின் மயக்கத்தில் இருந்தாய்; பிறகு விழிக்கவேயில்லை.

அம்மாவுக்கு இப்போது கண் தெளிவில்லை. அதனால் நான் எழுதினேன். அப்பா. ஒரு வரி விட்டு, மாமா. அதன் கீழே உன் பெயர். பிழையாக எழுதி, வெட்டித் திருத்தினேன். அம்மா விரலால் வரிகளைத் தடவினார்.

"ரெண்டாவதை ஏன் விட்டனி, பிள்ளை?"

"வழக்கமா விடுறதெல்லோ, அன்ரி."

"அதிலை அவன்ரை பேரை எழுது. அவள் அங்கை தனியப் போயிட்டாள். தமையன் பக்கத்திலை நிக்கட்டும்."

உனக்காக நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். எழுதினேன். மை காய்ந்துவிட்டதா என்று அம்மா கேட்டார். வெளிக்கிடும்போது உன் பழைய பிரதியைக் கேட்டு வாங்கிவந்தேன். அதில் அந்த வரி இன்னும் காலி.

மறுநாள் பூசைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். ஃபாதர் பெயர்களை வாசித்தார். அப்பாவின் பெயருக்கு அம்மா சிலுவை அடையாளம் போட்டார். அடுத்து அண்ணையின் பெயர். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது வராத பிள்ளைக்காக வேறொருவர் 'வந்திருக்கிறார்' என்று சொல்வதுபோல, அம்மா உரத்து "ஓம்" என்றார். முன் வாங்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஃபாதர் சற்று நிறுத்திவிட்டு, மாமாவின் பெயரை வாசித்தார். பிறகு உன்னுடையதை.