கடைசி மூன்று குடுவைகள்

பால்கனியில் கட்டி வைத்திருந்த செய்தித்தாள்கள் நேற்றைய மழையில் ஊறிவிட்டன. பழைய பேப்பர் எடுக்க வந்த கபாடிக்காரர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, "நஹீ மேடம்" என்று போய்விட்டார். வீடெல்லாம் நனைந்த காகித வாசனை. போன குளிர்காலத்தில் நீ இறந்துபோன பிறகு இன்றுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் சேர்ந்து படித்த ஆய்வகத்தில், கழிவுக் காகிதத்தைச் சர்க்கரையாக்குவது உன் ஆராய்ச்சி. அரைத்த காகிதக் கூழில் நொதியை விட்டால், அது நாரைத் துண்டாக்கிச் சர்க்கரையாக்க வேண்டும். நம்முடையதோ அச்சு மையில் போய் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. "எட்டி, டீ குடிக்கப் போன கிளார்க் மாதிரி சீட்டுக்கே வரமாட்டேங்கு" என்பாய், உன் நாகர்கோவில் தமிழில். சோப்பு மாதிரி வழுக்கும் திரவம் சில சொட்டு விட்டால் நொதி பிடியை விட்டு வேலைக்குத் திரும்பும் என்று நம்பினாய். நம் வழிகாட்டிக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இந்தச் சோதனையும் சரிவராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடச் சொல்லியிருந்தார்.

ஆறு குடுவைகள். முதல் மூன்றில் மட்டும் திரவம். மற்ற மூன்றும் ஒப்பிட்டுப் பார்க்க. அன்று உனக்குக் காய்ச்சல், நான்தான் விட்டேன். பக்கத்து மேசைக்காரர்களோடு கதை பேசிக்கொண்டே விட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சர்க்கரையைச் சோதித்தாய். ஆறிலும் சர்க்கரை இருப்பதைக் காட்டும் அதே செங்கல் நிறம். திரவம் விடாததிலும் அதே அளவு என்றால், திரவத்தால் ஒரு பயனும் இல்லை என்று அர்த்தம். நீ சோதனைக் குழாய்களைக் கழுவினாய். அப்போதுதான் பார்த்தேன், பாதி மிஞ்சியிருக்க வேண்டிய திரவக் குப்பி காலி. பேச்சு சுவாரசியத்தில் கடைசி மூன்றிலும் விட்டிருக்கிறேன்!

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வழிகாட்டிக்குப் பயந்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நீ என்னைக் கேவலமாக நினைத்துவிடுவாயோ என்ற பயம்தான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நீ வந்தாய், போனாய். இரண்டாம் நாள் கேன்டீனில் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கு இந்தப் படிப்பு சரிப்படாது போல. ஊருக்கே போயிரலாமான்னு இருக்கு" என்றாய். அதைக் கேட்ட பிறகும் மாலைவரை தள்ளிப்போட்டேன்.

வீடு திரும்பும் மெட்ரோவில், ஜனக்புரி நிலையம் வருவதற்குள் சொல்லிவிட்டேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். கதவோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். "அப்போ என் யோசனை தப்பில்ல, இல்லா?" என்று மட்டும் கேட்டாய். இறங்கும்போது, "நாளைக்கு ஜல்தி வா, மறுபடி வைப்போம்" என்றாய்.

மறுபடி வைத்தோம். திரவம் விட்ட மூன்றும் சிவந்தன, மற்ற மூன்றும் நீலமாகவே நின்றன. உனக்குப் பட்டம் கிடைத்தது. அந்தத் தவறைப் பற்றி நீ யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போதெல்லாம் நான் தப்பு செய்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை நேர்மையானவள் என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, நீ உன்னையே நம்பாமல் கழித்த இரண்டு நாட்கள் என்னிடம் இருக்கின்றன. சோதனையைத் திரும்ப வைக்க முடிந்தது. அந்த இரண்டு நாட்களை உனக்குத் திரும்பத் தர முடியவில்லை.