புதுப் பதிப்பில் பூதம் அடிக்கவில்லை

பாசமுள்ள சேகர் அண்ணா,

நலமா என்று கேட்க முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்டத்துக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதை உன்னிடம் புலம்பாமல் வேறு யாரிடம் போய்ப் புலம்புவது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. ராயபுரத்தில் உன் வீட்டுக் கூடத்தில், ஞாயிறு மத்தியானம் பாய் விரித்து நாம் ஆடியது கேரமும் இல்லை, சீட்டும் இல்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிப் பிழைப்பதோ சாவதோ செய்கிற ஆட்டம். கப்பலில் வேலை பார்க்கும் ஜான்சன்தான் சிங்கப்பூரிலிருந்து முதல் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். கதை சொல்கிறவன் நீ. வாரமெல்லாம் ஹார்பரில் கிரேன் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூதமாகவும் ராஜாவாகவும் பேசுவாய். உன் ராஜாகூட, "இன்னா நைனா, வரி கட்டாம எங்க போய்கினு கீற?" என்றுதான் கேட்பார்.

நான் மந்திரக்காரி. ஆனால் குப்பத்துப் பெண் ஆயிற்றே, மந்திரம் பலிக்காத இடத்தில் வலையை வீசிவிடுவேன். வலைக்குப் பழைய புத்தகத்தில் விதி கிடையாது. நீ தாடியைச் சொறிந்துகொண்டே, "எப்டி வீசுவ, காட்டு" என்பாய். நான் கொடியில் கிடக்கும் அண்ணியின் புடவையை எடுத்து வீசிக் காட்டுவேன். அது நன்றாக விரிந்தால் பூதம் மாட்டியது, சுருண்டால் நான் மாட்டினேன். இதுதான் நம் வழக்கம்.

புதுப் பதிப்பில் எல்லாவற்றுக்கும் அட்டை. மந்திரக்காரி என்னென்ன செய்யலாம் என்று அதில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். கட்டம் போட்ட விரிப்பில் பொம்மையை நகர்த்த வேண்டுமாம். ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் எந்தக் காயமும் ஆறிவிடுமாம். எண்ணூரில் ஷிப்ட் பார்க்கும் நம் மூர்த்திக்கு முதுகு வலியே மாதக்கணக்கில் போகவில்லை, ஈட்டி குத்திய புண் விடிந்தால் ஆறுமா?

நீ கண்ணை மூடிய பிறகு முதல் முறையாகப் போன ஞாயிறு கூடினோம். அதே கூடம்தான். விரிப்பில் பூதப் பொம்மையை நிறுத்தினோம். நான் அதன்மேல் வலை வீசுகிறேன் என்றேன்.

"அட்டையில வலை இல்ல கலா," என்றான் ஜான்சன்.

"அட்டையில இல்லன்னா இன்னா, என் கையில கீது."

"ரூல்ஸ்ல இல்லாதத செய்ய முடியாது."

"இது ஆட்டமா, ரேஷன் கடையா?" என்று கேட்டேன். மூர்த்தி சமாதானம் செய்து வைத்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். ஆனால் அண்ணா, நாங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஜான்சன், பார்த்தாயா புதுப் பதிப்பின் மகிமையை, என்பதுபோல் மீசையை முறுக்கினான்.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏம்பா, இவ்ளோ நேரமா நீங்கதான் அடிச்சிகினு கீறீங்க. அந்த பூதம் இன்னாத்துக்கு சும்மா நின்னுகினு கீது?"

அப்போதுதான் பார்த்தோம். சுவரோரம் உன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மூன்று பேரும் இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறோம். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. பூதத்துக்காகப் பகடை உருட்ட ஒரு ஆள் இல்லை. அது பாவம், அடி வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறது. விக்கல் எடுக்கும்வரை சிரித்தோம். அண்ணியும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் ஜான்சன் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணன் இல்லாம ஆடணும்னா, எல்லாத்துக்கும் பதில் கீற புக்கு வேணும்னு நெனச்சேன். இல்லாங்காட்டி நம்ம ஆட்டம் நின்னுடும்ல? அதான் வாங்கியாந்தேன்."

அதற்குமேல் அவனை எப்படித் திட்டுவது? அவன் பயந்ததற்குத்தான் நானும் பயந்திருக்கிறேன். பாவம், புத்தகத்தின்மேல் எரிந்து விழுந்தேன்.

"யாராச்சும் அந்தாண்ட போய் குந்துங்க," என்றார் அண்ணி. ஒருவரும் எழவில்லை. "அவரு எடம்தான். காலியா வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? நீ போ கலா."

போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லார் முகமும் தெரிகிறது அண்ணா. அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று அப்போது புரிந்தது. பகடையை உருட்டினேன். ஜான்சனுக்கு விழுந்தது பார் ஒரு அடி!

நீ பாதியில் விட்ட கதையை எங்கே கொண்டுபோக நினைத்திருந்தாய் என்று எங்களுக்குத் தெரியாது. யாரிடமாவது சொன்னாயா? அண்ணிக்கும் தெரியவில்லை. அதனால் இனி அதை என் இஷ்டத்துக்குத்தான் கொண்டுபோவேன். ஞாயிறு ஆட்டம் நிற்காது, இது சத்தியம். நான் சொல்லும் கதை உனக்குப் பிடிக்காமல் போகலாம். அப்போது நீயும் என்னைப் போலவே புதுப் பதிப்பு சரியில்லை என்று திட்டிக்கொள், ஆனால் விடாமல் கேள்.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் தங்கச்சிதான்,
திருவொற்றியூர் குப்பத்துக் கலா