செவலை ஆட்டின் படம்

டொராண்டோ,
திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

கோகிலவாணியின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை என்று தம்பி சிவக்குமார் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம்.

படத்தைப் பார்த்து இன்னதென்று சொல்லக் கணினிக்குக் கற்றுக் கொடுத்தேன் அல்லவா, அந்த முப்பது வருட உழைப்புக்குப் போன வாரம் விருது கொடுத்தார்கள். மேடையிலேயே ஏதாவது ஒரு படத்தைக் காட்டச் சொன்னார்கள். தம்பி அனுப்பியது ஒன்று இருந்தது. மேச்சேரியில் நம் சோளக்காட்டில், செவலை ஆட்டோடு நீங்கள் நிற்கும் படம். அதைக் காட்டினேன்.

‘ஒரு முதியவரும் நாயும்’ என்றது கணினி. அரங்கமே சிரித்தது.

“அது நாயில்லீங்க, ஆடுங்க!” என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன். அங்கே ஒருவருக்கும் புரியவில்லை.

நீங்கள் இருந்திருந்தால், “அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா சாமி?” என்று கேட்டிருப்பீர்கள். தப்பு என்னுடையதுதான். நான் அதற்குக் காட்டியதெல்லாம் கம்பளி மூடிய வெளிநாட்டு ஆடுகள். உடம்பில் கம்பளியே இல்லாத நம் ஊர் ஆடு ஒன்றைக்கூடக் காட்ட எனக்குத் தோன்றவில்லை.

அதனால் ஒரு வேலை. பட்டியில் இருக்கும் ஆடுகளையெல்லாம் தம்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். கணினிக்கு அது தேவையில்லை.

சாப்பாட்டுக்கு முன் மாத்திரையை மறக்காதீர்கள். தபால் பெட்டியைத் திறக்க ஆள் வரும் நேரம், முடிக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி உங்கள் முகத்தைப் பார்த்தேன் அப்பா. ஆட்டைத்தான் அது தப்பாகச் சொன்னது.

உங்கள் மகள்,
கோகிலவாணி