சம்பந்தியின் கண்ணில் சந்தனம்

11.10.2024, வெள்ளி

ஆய்வுகூடத்தில் வாணி விழா. அவலும் கடலையும் நான்தான் செய்தேன். கடலைக்கு உப்புக் கூடிவிட்டது. கூட வேலை செய்பவர்கள் முகம் சுளிக்காமல் தின்று முடித்தார்கள், நல்ல பிள்ளைகள். கணினி, நுணுக்குக்காட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். சம்பந்திக்கும் வைத்தேன்.

சம்பந்தி என்றால் எங்கள் குளிர்ப்பெட்டி. ஓர் அறையளவு இருக்கும். உள்ளே சுழியத்துக்குக் கீழே எண்பது பாகை குளிர். மூவாயிரம் பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தம் சின்னச் சின்னக் குழாய்களில் ஆராய்ச்சிக்காக உறைந்து கிடக்கிறது. எண்ணைக் கொடுத்தால் இயந்திரக் கை தேடி எடுத்து வாசலில் வைக்கும். மரியாதையாகக் கேட்டால்தான் எதுவும் தரும் என்பதால் அந்தப் பெயர்.

14.10.2024, திங்கள்

காலையிலேயே ஷரோன் டொக்ரர், எங்கள் தலைவி, வந்து நின்றார். "பிரதீபா, சாருஜாவின்ரை குழாய் வேணும். புதன் காலமை சோதனைக்குக் கொழும்புக்குப் போற பெட்டியிலை வைக்கோணும்."

சாருஜா சாவகச்சேரிப் பிள்ளை, மூன்று வயது. விடிந்து எழும்பினால் துவண்டு விழுகிறாள். இந்த வருடம் நான்காம் முறையாக ஆசுபத்திரியில். விசயதசமிக்கு ஏடு தொடக்க இருந்ததாம், அதுவும் நின்றுபோயிற்று. பிறந்த அன்றே இந்தக் குறை இருந்ததா என்று தெரிந்தால்தான் சரியான மருந்து தொடங்கலாம். அந்த நாளின் இரத்தம் ஒரே ஒரு குழாயில்தான் இருக்கிறது.

எண்ணைக் கொடுத்தேன். சம்பந்தி உள்ளே உருட்டிப் பிரட்டிவிட்டு 'இல்லை' என்றது. மூன்று முறை கேட்டேன். இல்லை.

15.10.2024, செவ்வாய்

பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குழாயை 2021இல் உள்ளே விட்டவள் நான். என் கையெழுத்து இருக்கிறது. எங்கையடி வைச்சனீ? கதவைத் திறந்து கையால் தேடினால் மற்றப் பிள்ளைகளின் இரத்தமும் இளகிப் பழுதாகும்.

சாருஜாவின் தாய் மீனாம்பிகை தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, எடுத்திட்டியளோ? வேண்டாமெண்டு வீட்டிலை எல்லாரும் சொல்லச் சொல்லத்தான் கொடி ரத்தம் தர நான் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சனான்."

"நாளைக்கு எடுத்திடுவன்" என்று சொல்லிவிட்டேன். என்ன துணிச்சல் எனக்கு!

16.10.2024, புதன்

விடிந்ததும் ஓடினேன். வேறொரு பிள்ளையின் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். இல்லை. இன்னொன்று — இல்லை. இப்படிப் பத்து எண் கொடுத்தேன். பத்துப் பேருமா இல்லை? அப்ப பிள்ளையள் துலையேல்லையடி, உந்தச் சம்பந்தியாருக்குத்தான் கண் தெரியேல்லை!

வாசலுக்குள் டோர்ச் அடித்தேன். அங்கேதான் குழாயில் ஒட்டிய கோடுகளை வாசித்து எண்ணைக் கண்டுபிடிக்கும் சின்னக் கண்ணாடி, சம்பந்தியின் கண். அதன் நடுவில் வட்டமாகக் காய்ந்து கிடந்தது என் சந்தனப் பொட்டு. நெற்றி என்று நினைத்துக் கண்ணிலேயே வைத்திருக்கிறேன்.

துடைத்துவிட்டு எண்ணைக் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, சாருஜாவின் குழாய் வாசலுக்கு வந்துவிட்டது. அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

ஷரோன் டொக்ரர் கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பக்தி நல்லதுதான் பிரதீபா. அதுக்காகக் கண்ணுக்கை குத்தாதையும்."

பெட்டி நேரத்துக்குப் போய்விட்டது.

09.12.2024, திங்கள்

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. மிச்ச இரத்தமும் உறைந்தபடியே திரும்பி வந்து சம்பந்திக்குள் போனது. பிறந்த அன்றே இருந்த குறைதான். மருந்து இருக்கிறது! பாணி மருந்து, காலையும் மாலையும் குடிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னபோது மீனாம்பிகை "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று மட்டும்தான் சொன்னாள்.

02.10.2025, வியாழன்

விசயதசமி. கோயிலில் ஏடு தொடக்கிய கையோடு சாருஜாவைக் கூட்டிக்கொண்டு மீனாம்பிகை வந்தாள். பிள்ளையின் விரலில் இன்னும் அரிசி ஒட்டியிருந்தது.

"என்ரை ரத்தம் உதுக்குள்ளையோ? அதுக்குக் குளிராதோ?"

"குளிரும். அதுதான் அசையாமல் இருக்குது" என்றேன்.

"நான் இருக்கமாட்டன்."

சம்பந்தியின் பின்பக்கத்தில் ஷரோன் டொக்ரர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: 'பொட்டு இங்கே'. சந்தனமும் அவரே வாங்கி வந்தது. சாருஜா அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள், என் மூக்கில் ஒன்று வைத்தாள், பிறகு சம்பந்தியைச் சுற்றி ஓடத் தொடங்கினாள்.

அப்போது காலை எட்டரை மணி, முன்பெல்லாம் அவள் துவண்டு கிடக்கும் நேரம். அவளைப் பிடிக்க மூன்று பேர் ஓடினோம்.