அமாவாசைக்கு ஏற்றிப்போன சேவல்கள்

வல்லம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தென்னரசுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் ஷெட்டில் இருக்கிற நாலாயிரம் முட்டைக்கோழியும் இந்த நிமிஷம் வரைக்கும் சுகம். நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கியா? போனில் சொன்னா நீ சிரிக்கிறதை நான் கேட்கணும், அதான் எழுதி போட்டோ பிடிச்சு அனுப்புறேன்.

ஆந்திராப் பக்கம் பறவைக் காய்ச்சல்னு டிவியில் காட்டினதிலிருந்து திண்டிவனம் கடையில் முட்டை வாங்க ஆள் இல்லை. நோய் உள்ளே வந்துடக்கூடாதுன்னு நம்ம பண்ணைக்கு ஒரு சட்டம் போட்டேன், வெளி ஆளோ வெளிக்கோழியோ கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு கோழிக்கு வந்தாலும் மொத்தத்தையும் குழியில் போட்டு மூடிடுவாங்க, அப்புறம் நாம எழுந்திருக்க முடியாது. என் கூடப்பிறந்த அக்கா, உங்க பெரியம்மாவையே கேட்டோட நிக்க வெச்சுப் பேசி அனுப்பினவ நான்.

இவ்வளவு தெளிவா இருந்தவளுக்கு வியாபார புத்தி சும்மா இருக்குமா? ஊரில் பயந்துபோய் நாட்டுச்சேவலைப் பாதி விலைக்குத் தள்ளினாங்க. கறி திங்க பயந்தாலும் மேல்மலையனூர் அமாவாசைக்கு ஜனங்க வேண்டுதல் சேவலைத் தலையைச் சுத்தி விடாம இருப்பாங்களான்னு கணக்குப் போட்டு ஒரு டாடா ஏஸ் நிறைய ஏத்திக்கினு போனேன். மத்தியானத்துக்குள்ளே அத்தனையும் வித்துப்போச்சு. என் சாமர்த்தியத்துக்கு நானே ஒரு சோடா வாங்கிக் குடிச்சேன். வாங்கினவங்க தலையைச் சுத்தி விட்டதோட சரி, பயத்தில் ஒருத்தரும் வீட்டுக்கு எடுத்துக்கினு போகலை. எல்லாம் கடைகளில் பூந்து பொரியைக் கொத்துது. கடைக்காரங்க என்னை வளைச்சுக்கினு, ஏம்மா, வித்தவ நீதானே, ஜல்தி புடிச்சுக்கினு கெளம்புன்னு ஒரே பேஜாரு. யார் யாரோ கொண்டுவந்து விட்டதும் சேர்ந்து, கொண்டுபோனதைவிட அதிகமா ஏத்திக்கினு திரும்பினேன்.

சும்மா கிடைச்ச சேவலாச்சேங்கிற சந்தோஷத்தில் வண்டியை நேரா பண்ணைக்கு விட்டேன். உங்கப்பா கேட்டைத் திறக்கலை. கத்தினேன், ஹாரன் அடிச்சேன். இத்தனை வருஷமா என்னை எதிர்த்துப் பேசாத மனுஷன், உங்க அக்காவுக்கு ஒரு சட்டம் உனக்கு ஒரு சட்டமாடி, அந்தாண்ட போன்னுட்டார். நான் போட்ட சட்டம் அப்பதான் எனக்கே உறைச்சது, வண்டியைப் பின்னாடி எடுத்தேன்.

இப்போ ரோட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டாயில் சேவலுங்களோட குடித்தனம். விழுப்புரத்திலிருந்து கால்நடை டாக்டர் வந்து சேவலுங்க ரத்தத்தை டெஸ்ட்டுக்கு எடுத்துக்கினு போயிருக்கார், ரிசல்ட் வர்ற வரைக்கும் நானும் ஷெட் பக்கம் போகக் கூடாதாம். உங்கப்பா வரப்பில் கேப்பைக் களியை வெச்சுட்டுத் தள்ளி நின்னு, முதலாளியம்மா, பசிக்குதான்னு கேட்கிறார். சிரிப்பு வேற. சேவலுங்க நல்லாத்தான் தின்னுது, கூவுது. எனக்குத்தான் தூக்கம் இல்லை.

அங்காளம்மன் உனக்கு நோய் நொடி இல்லாத உடம்பும் நல்ல புத்தியும் குடுக்கட்டும், என் புத்தி மட்டும் வேணாம். முட்டையை நல்லா வேகவெச்சுச் சாப்பிடு. மறக்காம இன்னைக்கே அப்பாவுக்குப் போன் போடு. கேட்டைத் திறக்காதது ரொம்பச் சரிப்பான்னு சொல்லு. நான் சொன்னதா சொல்லிடாதே, உனக்கே தோணின மாதிரி சொல்லு.

உன் அம்மா,
அ. கலையரசி